ஓயாத பிரச்சாரம்: அமெரிக்க அதிபர் தேர்தல் சலிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது பென்சில்வேனியாவில், பிலடெல்பியாவிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். 2024 தேர்தல் எங்கள் தெருவைப் படுத்திய பாட்டைச் சொந்தக்காரர்களிடமும் நண்பர்களிடமும் புலம்பித் தீர்த்தேன். அவர்கள் திருப்பிக் கேட்ட கேள்விகள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்பது மட்டும் இதில் கிடையாது. அதைக் கேட்டுத்தான் ஆளாளுக்குக் கதவைத் தட்டினார்கள்.

"இன்னுமா உங்க ஊர் எலெக்சன் முடியல?"

அம்மா கேட்டது. 2024 மார்ச் 16 அன்று இந்தியாவில் மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்தார்கள். ஏப்ரல் 19 அன்று அம்மா கும்பகோணத்தில் விரலில் மை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஜூன் 4 அன்று முடிவு வந்தது. ஆகஸ்டில் அவர் எங்களிடம் வந்து இறங்கியபோது விரலில் மை இருந்த தடமே இல்லை. இங்கேயோ, இனிமேல்தான் பிரச்சாரம் சூடுபிடிக்கும் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டிரம்ப் தான் போட்டியிடுவதாக அறிவித்தது 2022 நவம்பர் 15. வாக்குப்பதிவு 2024 நவம்பர் 5. இரண்டு வருடத்துக்குப் பத்தே நாள் குறைவு. அம்மாவிடம் இதைச் சொன்னதற்கு, "ரெண்டு வருஷமா ஒரே பேச்சையா பேசினாங்க?" என்று கேட்டார். ஏறக்குறைய ஆமாம்.

பிரச்சாரத்துக்குக் கால வரம்பு என்று சட்டம் எதுவும் இல்லையா?

இல்லை. கனடாவில் தேர்தல் பிரச்சாரம் குறைந்தது 37 நாள், அதிகம் 51 நாள் என்று சட்டமே இருக்கிறது. ஜப்பானில் கீழவைத் தேர்தலுக்கு அதிகாரபூர்வப் பிரச்சாரம் 12 நாள். பிரிட்டனில் 2024 மே 22 அன்று தேர்தலை அறிவித்து ஜூலை 4 அன்று ஓட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் வாக்குப்பதிவு நாளைத்தான் சட்டம் சொல்கிறது, தொடங்கும் நாளைச் சொல்வதில்லை. நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் என்று 1845இல் வைத்தது. ஜான் டெலானி என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் 2020 தேர்தலுக்கு 2017 ஜூலையிலேயே களம் இறங்கினார். டிரம்ப் அதற்கும் மேலே. 2017 ஜனவரி 20, பதவியேற்ற அன்றைக்கே மறுதேர்தலுக்கான தாள்களைத் தாக்கல் செய்துவிட்டார்.

ஓய்வும் இல்லை. தமிழ்நாட்டில் "அனல் பறந்த பிரச்சாரம் இன்று மாலையுடன் ஓய்கிறது" என்று செய்தி வருமே, வாக்குப்பதிவு முடிவதற்கு 48 மணி நேரம் முன்னால், அப்படி ஓர் அமைதி இங்கே கிடையாது. வாக்குப்பதிவு அன்று காலை காபி குடிக்கும்போதும் விளம்பரம் ஓடும். இந்தியாவில் வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக்கூடாது. பென்சில்வேனியாவில் அந்தத் தூரம் 10 அடி! நான் ஓட்டுப் போடும் பள்ளிக்கூட வாசலில் இரண்டு கட்சிக்காரர்களும் மடக்கு நாற்காலியும் டோனட் பெட்டியுமாக உட்கார்ந்திருப்பார்கள்.

எப்போதுமே இப்படித்தானா?

இல்லை. இதற்கு ஒரு பிறந்த வருடம் உண்டு என்றால் 1968ஐச் சொல்வேன்.

அதற்கு முன்னால் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் கட்சிப் பெரியவர்களின் கையில் இருந்தது. கோடையில் மாநாடு கூடும், பேரம் நடக்கும், ஒரு பெயர் வெளியே வரும், இலையுதிர் காலத்தில் பிரச்சாரம். 1968இல் ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாமல், அதாவது கட்சி வாக்காளர்கள் நேரடியாக ஓட்டுப் போடும் எந்த மாநிலத் தேர்தலிலும் நிற்காமல், சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆனார். வியட்நாம் போர் எரிந்துகொண்டிருந்த நேரம். மாநாட்டுக்கு வெளியே போலீஸ் இளைஞர்களை அடித்து நொறுக்கியதை நாடே டிவியில் பார்த்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு கட்சி ஒரு குழு போட்டு விதிகளை மாற்றியது. 1972லிருந்து வேட்பாளரை முடிவு செய்வது பிரைமரிகள் என்று ஆனது. அந்தக் குழுவுக்கு முதலில் தலைமை வகித்த ஜார்ஜ் மெக்கவர்ன்தான் 1972இன் வேட்பாளர். விதி எழுதியவருக்கு ஆட்டம் தெரியாமல் போகுமா என்ன.

அப்புறம் ஜிம்மி கார்ட்டர். ஜார்ஜியா மாநில ஆளுநராக இருந்தவர், வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. 1974 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டு, கட்சிக் கூட்டங்கள் வைத்து எல்லோருக்கும் முன்னால் முடிவு சொல்லவிருந்த அயோவா மாநிலத்தில் ஊர் ஊராகச் சுற்றினார். 1976 ஜனவரியில் அயோவா முடிவு வந்தபோது முதலிடம் "இன்னும் முடிவு செய்யவில்லை" என்பதற்கு. கார்ட்டர் இரண்டாமிடம். ஆனால் ஆட்களில் அவர்தானே முதல்? பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின, அவர் அதிபரும் ஆனார். சீக்கிரம் தொடங்கினால் ஜெயிக்கலாம் என்ற பாடத்தை அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரும் படித்துக்கொண்டார்கள். முதல் பிரைமரி எங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று நியூ ஹாம்ப்ஷயர் தனிச் சட்டமே வைத்திருக்கிறது.

ஆக, மக்களுக்கு அதிக உரிமை கொடுக்கச் செய்த சீர்திருத்தம் இது. இன்றைக்கு நாம் பெருமூச்சு விடுவது அதன் பக்க விளைவு. பழைய முறைக்குப் போகலாமா என்று கேட்டால் நானே தயங்குவேன்.

இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது?

1976இல் பக்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது சுருக்கமாக இது: ஒருவர் வேட்பாளருக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வரம்பு வைக்கலாம், தேர்தல் செலவுக்கு வைக்கக்கூடாது, ஏனென்றால் அது பேச்சுரிமை. 2024இல் ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர் வரை கொடுக்கலாம். பிரைமரி ஒரு தேர்தல், பொதுத்தேர்தல் இன்னொன்று. 2010இல் வந்த சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பும் அதையொட்டி வந்த இன்னொரு தீர்ப்பும் வேட்பாளரைச் சாராத குழுக்களுக்குக் கதவை அகலத் திறந்துவிட்டன. அந்தக் குழுக்களுக்குப் பெயர் சூப்பர் பேக். அவற்றுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். 2024இல் எலான் மஸ்க் ஒருவர் மட்டும் 25 கோடி டாலருக்கு மேல் இறக்கினார். கமலா ஹாரிஸ் பக்கம் மூன்று மாதத்துக்குள் 100 கோடி டாலர் திரட்டினார்கள்.

அரசே செலவுக்குப் பணம் கொடுத்து, பதிலுக்கு வரம்பு விதிக்கும் ஏற்பாடும் இருந்தது. 2008இல் பொதுத்தேர்தலுக்கு அது வேண்டாம் என்று முதலில் ஒதுக்கிய பெரிய கட்சி வேட்பாளர் ஒபாமா. அதோடு அந்த ஏற்பாடு படுத்துவிட்டது.

அமெரிக்கா முழுக்க இதே தொல்லையா?

இதைத்தான் நான் விளக்கி விளக்கி அலுத்துப்போனேன். இல்லவே இல்லை. கலிஃபோர்னியாவில் இருக்கும் என் சித்தி மகனிடம் போனில் புலம்பினால், "அண்ணா, இங்க அதிபர் தேர்தல் விளம்பரம் ஒண்ணுகூட வர்றதில்லையே" என்கிறான். வேட்பாளர்கள் அங்கே போவது பணக்கார வீடுகளில் விருந்து சாப்பிட்டு நிதி திரட்ட.

காரணம் எலெக்டோரல் ஓட்டு முறை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை ஓட்டு என்று கணக்கு. மொத்தம் 538, ஜெயிக்க 270. மெய்ன், நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலத்திலும், ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்தின் மொத்தமும் அவருக்கே. கலிஃபோர்னியாவின் 54 ஜனநாயகக் கட்சிக்கு, டெக்சாஸின் 40 குடியரசுக் கட்சிக்கு என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிடலாம். எந்தப் பக்கமும் சாயக்கூடியவை 2024இல் ஏழு: பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா. இதில் பெரியது எங்களுடையது, 19 ஓட்டு. 2016இல் இங்கே டிரம்ப் ஜெயித்தது சுமார் 44,000 ஓட்டில், 2020இல் பைடன் ஜெயித்தது சுமார் 80,000 ஓட்டில், 2024இல் டிரம்ப் சுமார் 1,20,000 ஓட்டில். மொத்தம் பதிவானது 60, 70 லட்சம் அளவுக்கு. வித்தியாசம் இவ்வளவு மெலிதாக இருந்தால் விடுவார்களா? 2024இல் அதிபர் தேர்தல் விளம்பரத்துக்கு மற்ற எந்த மாநிலத்தையும்விட அதிகப் பணம் கொட்டியது இங்கேதான்.

மறுபக்கம் பாருங்கள். 2024இல் கலிஃபோர்னியாவில் 60 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் டிரம்புக்கு ஓட்டுப் போட்டார்கள். அங்கிருந்து அவருக்குக் கிடைத்த எலெக்டோரல் ஓட்டு பூஜ்யம். அந்த 60 லட்சம் பேரின் சலிப்பு வேறு ரகம். எங்களைத் தூங்கவிடாமல் கூப்பிடுகிறார்கள், அவர்களை யாருமே கூப்பிடுவதில்லை. சித்தி மகனுக்கு என் மேல் கொஞ்சம் பொறாமை என்றுகூடத் தோன்றும். எடுத்துக்கொள்ளடா என்று சொல்லியிருக்கிறேன்.

என் போன் நம்பர் இவர்களுக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் வாக்காளராகப் பதிவு செய்ததும் பெயர், முகவரி, எந்தெந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டீர்கள் என்பதெல்லாம் கட்சிகள் வாங்கக்கூடிய பட்டியலில் ஏறிவிடும். யாருக்குப் போட்டீர்கள் என்பது மட்டும் ஏறாது. கட்சிகளும் தனியார் நிறுவனங்களும் அதோடு போன் நம்பர், மின்னஞ்சல் எல்லாவற்றையும் கோர்த்து விற்கிறார்கள், வாங்குகிறார்கள். ஒரே ஒருமுறை ஐந்து டாலர் நன்கொடை கொடுத்திருந்தால் தீர்ந்தது. முன்பின் கேள்விப்படாத மொன்டானா செனட் வேட்பாளர்கூட உங்களைப் பெயர் சொல்லி அழைத்துக் கண்ணீர் விடுவார்.

விற்பனை அழைப்புகளைத் தடுக்கும் அரசுப் பட்டியலில் நம்பரைச் சேர்த்திருக்கிறேனே என்று சிலர் கேட்கிறார்கள். அரசியல் அழைப்புகளுக்கு அந்தப் பட்டியல் செல்லாது.

"ஸ்டாப்" என்று பதில் அனுப்பினால் நிற்குமா?

அந்த நம்பரிலிருந்து வருவது நிற்கும். பட்டியல் இன்னொரு குழுவிடம் இருக்கும், அது வேறு நம்பரிலிருந்து வரும். வீட்டுத் திண்ணையில் எறும்பைத் துடைப்பது மாதிரிதான், ஆனாலும் துடைக்கத்தான் வேண்டும். முன்பின் தெரியாத குறுஞ்செய்தியை 7726 என்ற எண்ணுக்கு அனுப்பினால் உங்கள் போன் நிறுவனம் அதைக் குப்பைச் செய்தியாகக் குறித்துக்கொள்ளும். லிங்கைத் தொடாதீர்கள்.

"இன்று நள்ளிரவு கெடு, உங்கள் பணம் ஐந்து மடங்காகும்" என்று வருகிறதே, உண்மையா?

கெடு பாதி உண்மை. நிதிக் கணக்குத் தாக்கல் செய்யும் கால எல்லை ஒன்று இருக்கும், அன்றைக்குத் தொகை பெரிதாகத் தெரிய வேண்டும் என்பது அவர்கள் கவலை. ஐந்து மடங்கு என்பதை நம்பாதீர்கள். ஒருவர் கொடுக்கக்கூடிய தொகைக்கே வரம்பு இருக்கும்போது எந்தப் புண்ணியவான் அத்தனை பேருக்கும் ஐந்து மடங்கு போடுவார்?

கவனிக்க வேண்டியது வேறு. நன்கொடைப் பக்கத்தில் "மாதாமாதம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருப்பார்கள். எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் 25 டாலர் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். நான்காவது மாதம் கார்டு பில்லை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கட்டத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து தேடியும் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆனது, அவ்வளவு சின்ன எழுத்து.

அப்பட்டமான பொய்யை டிவிக்காரர்கள் ஏன் ஒளிபரப்புகிறார்கள்?

வேட்பாளர் நேரடியாகக் கொடுக்கும் விளம்பரத்தை ஒளிபரப்பு நிலையங்கள் வெட்டவோ திருத்தவோ கூடாது, சட்டம் அப்படி. அதுவும் வாக்குப்பதிவுக்கு முந்தைய 60 நாளில் மிகக் குறைந்த கட்டணத்தில் போட வேண்டும். சூப்பர் பேக் விளம்பரங்களை மறுக்கலாம். ஆனால் அவர்கள்தான் முழுக் கட்டணம் கொடுப்பவர்கள், வருகிற லட்சுமியை யார் வேண்டாம் என்பார்கள்? "இந்தச் செய்திக்கு நான் ஒப்புதல் அளிக்கிறேன்" என்று வேட்பாளரே சொல்வது 2002 சட்டத்தால் வந்தது. தன் குரலில் சொல்லவேண்டி வந்தால் கூச்சப்பட்டுச் சாக்கடையைக் குறைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தார்கள். கூச்சமா!

எனக்கு ஓட்டே இல்லை. நானும் ஏன் இதையெல்லாம் பார்க்க வேண்டும்?

விசாவில் இருக்கும் நண்பர்கள் எல்லோரும் கேட்பது. டிவிக்கு உங்கள் விசா தெரியாது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஹெச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் நன்கொடை கொடுக்கக்கூடாது, கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம். கடைவாசலில் யாராவது அட்டையை நீட்டி "வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளுங்கள்" என்றால், குடியுரிமை இல்லாதவர்கள் பேச்சுக்குக்கூடக் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் அது வந்து நிற்கும்.

கதவைத் தட்டுகிறவர்களை என்ன செய்வது?

திறக்காமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அம்மா எங்களோடு தங்கியிருந்தவரை எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியம் ஒரு பெண் வந்தாள், கல்லூரி மாணவி. நியூ ஜெர்சியிலிருந்து பஸ் வைத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள், ஏனென்றால் அவள் ஊரில் பிரச்சாரத்துக்கு வேலை இல்லை. கையில் போன். அதில் எங்கள் தெரு, வீட்டு எண், என் பெயர், வயது. பெயரைச் சொல்ல மூன்று முறை முயன்று நிறுத்திவிட்டாள். அம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார், பிறகு ஒரு வடை. "இந்த வெயில்ல பொண்ணை அலையவிட்டிருக்காங்களே" என்று கட்சியைத் திட்டினார். எந்தக் கட்சி என்று அவருக்குத் தெரியாது.

போகும்போது அந்தப் பெண் போனில் எதையோ தட்டினாள். என்ன பதிவு செய்தாய் என்று கேட்டேன். "ஆதரவு, லேசாக" என்றாள். வடையின் பலன். அடுத்த வாரம் அதே கட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்.

தபாலில் வரும் வழவழ அட்டைகள் தனிக்கதை. ஒரு நாளைக்கு ஏழெட்டு. ஒரே வேட்பாளர் ஒன்றில் புன்னகையோடு பேரனைத் தூக்கி வைத்திருப்பார், இன்னொன்றில் அதே முகம் கறுப்பு வெள்ளையில் வில்லனாக. அம்மா அவற்றைத் தூக்கிப்போட மனமில்லாமல் அடுக்கி வைத்தார். வடை வைக்க ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "எண்ணெயே இழுக்கல, இதுக்காக மரத்தை வெட்டினாங்களாக்கும்" என்றார். கடைசியில் மளிகை அலமாரித் தட்டுகளில் விரித்துவிட்டார். அளவு கச்சிதம்.

சலித்துப்போய் மக்கள் ஓட்டுப் போடாமல் விட்டுவிடுகிறார்களா?

கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2016 கோடையிலேயே, வாக்குப்பதிவுக்கு நான்கு மாதம் இருக்கும்போதே, தேர்தல் செய்திகள் சோர்வடையச் செய்வதாக 59 சதவீதம் பேர் பியூ ஆய்வு மையத்திடம் சொன்னார்கள். 2023இல் அதே மையம் கேட்டபோது, அரசியலை நினைத்தால் எப்போதும் அல்லது அடிக்கடி சோர்வாக இருக்கிறது என்றவர்கள் 65 சதவீதம். 2024இல் பைடன், டிரம்ப் இருவரையுமே பிடிக்காது என்றவர்கள் நான்கில் ஒருவர். ஆனால் ஓட்டுப்போடத் தகுதி உள்ளவர்களில் 2016இல் போட்டவர்கள் சுமார் 60 சதவீதம், 2020இல் 66, 2024இல் 64. 1900க்குப் பிறகு 2020 அளவுக்கு எந்த அதிபர் தேர்தலிலும் வாக்குப்பதிவு இருந்ததில்லை.

என் கணிப்பைச் சொல்கிறேன். எதிர்ப்பக்கம் வந்துவிடுமோ என்ற பயம் சலிப்பைவிடப் பெரிதாக இருக்கிறது, பிரச்சாரம் விற்பதும் அந்தப் பயத்தைத்தான். அடி வாங்குவது கீழே இருக்கும் பதவிகள். அதிபரைப் பற்றி இரண்டு வருடம் கேட்டுக் களைத்தவருக்கு, என் சொத்து வரியில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும் பள்ளி வாரியத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கத் தெம்பு இருப்பதில்லை. அந்தத் தேர்தல் இங்கே அதிபர் தேர்தலுக்கு அடுத்த வருடம், ஒற்றைப்படை வருடத்தில், யாரும் கதவைத் தட்டாமல் நடந்து முடியும்.

ஒரு குழந்தை தேர்தலால் அழுதது உண்மையா?

உண்மை. 2012 அக்டோபர், கொலராடோ. அப்போது அதுவும் இழுபறி மாநிலம். காரில் வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டே போன நான்கு வயதுச் சிறுமி, "ப்ராங்கோ பாமா, மிட் ராம்னி" என்று (அந்தத் தேர்தலின் வேட்பாளர்கள் பராக் ஒபாமாவும் மிட் ராம்னியும்தான்) கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதாகத் தேம்பி அழுதாள். சீக்கிரம் முடிந்துவிடும் என்று அம்மா சமாதானம் செய்கிறார். கோடிக்கணக்கானவர்கள் பார்த்த வீடியோ. தேசிய பொது வானொலி அந்தச் சிறுமியிடம் மன்னிப்பே கேட்டது.

கமலா ஹாரிஸுக்குக் கிடைத்தது 107 நாள்தானே? அது நன்றாக இருந்ததா?

2024 ஜூலை 21 அன்று பைடன் விலகினார், அங்கிருந்து எண்ணினால் 107 நாள். மற்ற நாடுகளில் இது நெடுங்காலம். இங்கே, மக்களுக்கு அவரை அறிந்துகொள்ள நேரமே இல்லை என்று அவர் தோல்விக்கு அதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். எங்கள் தெருவைப் பொறுத்தவரை, இரண்டு வருடச் சத்தத்தை மூன்றரை மாதத்தில் போட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அவர் தாய் ஷியாமளா கோபாலனின் தந்தை வழி ஊர் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம். அங்கே கோயிலில் பூஜை போட்டார்கள். அந்தப் படம் எத்தனை வாட்ஸ்அப் குழுவில் எனக்கு வந்தது என்று கேட்காதீர்கள்.

தப்பிக்க ஏதாவது வழி உண்டா?

ஒன்று உண்டு, நன்றாகவே வேலை செய்கிறது: முன்கூட்டியே ஓட்டுப் போட்டுவிடுங்கள். பென்சில்வேனியாவில் 2020லிருந்து காரணம் சொல்லாமலே யாரும் தபாலில் ஓட்டுப் போடலாம். யார் வாக்குச்சீட்டு வந்து சேர்ந்தது என்ற பட்டியல் கட்சிகளுக்குத் தொடர்ந்து கிடைக்கிறது. உங்கள் பெயர் அதில் வந்தவுடன் உங்களுக்காகச் செலவழிப்பது அவர்களுக்கு வீண். என் ஓட்டை அக்டோபர் நடுவில் கவுண்டி, அதாவது நம் ஊர் மாவட்டம் மாதிரி, அதன் அலுவலகத்துக்கே போய்க் கொடுத்தேன். பத்து நாளில் கதவு தட்டுவது நின்றது, குறுஞ்செய்தி பாதியானது. கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். பக்ஸ் கவுண்டியில் நேரில் போய்த் தபால் வாக்குச்சீட்டு வாங்கும் வரிசை எவ்வளவு நீண்டதென்றால் நீதிமன்றம் கெடுவையே நீட்டிக்க வேண்டிவந்தது. டிவிக்கு மட்டும் மருந்தில்லை, ரிமோட்டில் ஒலியை நிறுத்தும் பொத்தான்தான்.

நவம்பர் 6 அன்று எல்லாம் ஓய்ந்துவிட்டதா?

அதிபர் யார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் எங்கள் செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் பாப் கேசிக்கும் குடியரசுக் கட்சியின் டேவ் மெக்கார்மிக்குக்கும் வித்தியாசம் மிகக் குறைவு, மறு எண்ணிக்கை தொடங்கியது, அதற்குப் பணம் கேட்டுக் குறுஞ்செய்தி வந்தது. நவம்பர் 21 அன்று கேசி தோல்வியை ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு சில மாதம் தபால் பெட்டியில் மின்கட்டண பில்லும் பீட்சா கூப்பனும் மட்டும்தான்.

2025 இலையுதிர் காலத்தில் மறுபடி வழவழ அட்டைகள் வர ஆரம்பித்தன. மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மூன்று பேரைப் பதவியில் தொடரவிடலாமா வேண்டாமா என்ற வாக்கெடுப்பு. மஞ்சள்தூள் டப்பாவுக்கு அடியில் அம்மா விரித்திருந்த தாளில் கறை ஏறியிருந்தது. எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். அதே அளவுதான்.